‘சின்ன ரிப்பேர்தான்’ என்று விற்கும் பழைய டிவி: வாங்கலாமா, வேறு வழி பார்க்கலாமா?

“43 இன்ச் ஸ்மார்ட் டிவி, மூணு வருஷம் ஆகுது, சவுண்டு வருது, படம் மட்டும் வரலை. சின்ன ரிப்பேர்தான். 5,000 ரூபாய்.” ஓஎல்எக்ஸிலோ பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ தேடினால் எந்த ஊரிலும் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படும். கடையில் இருபதாயிரத்துக்கு மேல் போகும் டிவி ஐயாயிரத்துக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் கை பரபரக்கும். வாங்கி, தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்து, இரண்டே நாளில் படம் ஓடினால் நல்ல லாபம்தான். அதே ஐயாயிரம் அப்படியே போய், ஓடாத டிவி ஒன்று பரணில் ஏறுவதும் நடக்கிறது.

இந்த இடத்தில் தயங்கி நிற்பவர்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: ரிப்பேர் உள்ள பழைய டிவி, நன்றாக ஓடும் பழைய டிவி, கடைக்காரர் சரிசெய்து விற்கும் டிவி, புது டிவி. நான்குக்கும் பொருந்தும் வேளைகள் உண்டு. எல்லோரும் விலையைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். பார்க்கவேண்டியது பேனல், அதாவது படம் தெரியும் கண்ணாடித் திரை. எல்இடி டிவியில் மிக விலை உயர்ந்த பாகம் அதுதான். அது போனால் புதுசு வாங்கும் விலைக்குப் பக்கத்தில் செலவு வந்து நிற்கும். மற்ற எல்லாவற்றையும் ஏதோ ஒரு விலைக்குச் சரிசெய்துவிடலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

மொத்தச் செலவு. டிவிக்குக் கொடுத்த காசு, வண்டிக்கூலி, ரிப்பேர், ரிமோட், தேவைப்பட்டால் ஆப்களை ஓட்ட டிவியில் செருகும் ஸ்டிக், சுவர் மாட்டி என எல்லாம் சேர்த்த தொகையைத்தான் புது டிவி விலையோடு ஒப்பிடவேண்டும்.

பேனல் உயிரோடு இருக்கிறதா என்பதை உங்கள் கண்ணால் பார்க்க முடிகிறதா. விற்பவர் சொல்வது இதில் கணக்கில் வராது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

இன்னும் எத்தனை வருடம் ஓடும். பெரும்பாலான டிவிகளில் பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். “மூணு வருஷம்” என்று சொன்ன டிவி அங்கே ஏழு வருடம் என்று காட்டும்.

போனால் தாங்க முடியுமா. தனியாரிடம் வாங்கினால் திரும்பப் போய்க் கேட்க இடமில்லை.

வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள். அம்மா நாள் முழுக்க சீரியல் பார்க்கும் டிவி இரண்டு வாரம் சர்வீஸ் கடையில் கிடந்தால், மிச்சம் பிடித்த காசு யாருக்கும் மகிழ்ச்சி தராது. மாடி அறையில் வைக்கப்போகும் இரண்டாவது டிவி என்றால் அந்தக் கவலை இல்லை.

## வழி 1: ரிப்பேர் உள்ள பழைய டிவி

முதலில் கேட்கவேண்டிய கேள்வி: “அண்ணே, கடையில காட்டினீங்களா? என்ன சொன்னாங்க?” சின்ன வேலைதான் என்றால் அவரே சரிசெய்து இன்னும் நல்ல விலைக்கு விற்றிருக்கலாமே. அப்படிச் செய்யாததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வீடு மாறுகிறார்கள், தீபாவளிக்குப் புதுசு எடுத்துவிட்டார்கள், அலைய நேரமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல பேரங்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. கம்பெனி சர்வீஸில் பாகத்தைப் பிரித்துச் சரிசெய்வது குறைவு, போர்டு போர்டாக மாற்றுவார்கள். பேனலுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்இடி விளக்குகளான பேக்லைட்டும் பேனலும் ஒரே செட்டாக ஸ்பேர் வரும் மாடலில், உள்ளே ஒரு எல்இடி போயிருந்தாலும் “பேனல் மாத்தணும், பதினைந்தாயிரம் ஆகும்” என்று எஸ்டிமேட் கொடுத்துவிடுவார்கள். சொந்தக்காரர் மனம் வெறுத்து விற்கிறார். அதே வேலையைத் தெருக்கடை மெக்கானிக் பேக்லைட் ஸ்ட்ரிப் (எல்இடிகள் பதித்த நீளத் துண்டு) மட்டும் மாற்றி முடித்துவிடுவார். ஆகவே “பேனல் போச்சுன்னு கம்பெனியில சொன்னாங்க” என்று கேட்டதும் ஓடிவிடவேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டார்ச் சோதனை இதுதான். டிவியை ஆன் செய்து, ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்துங்கள். அறை விளக்கை அணைத்து ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். கறுப்புத் திரைக்குள் மங்கலாக மெனு எழுத்தோ, ஓடும் படத்தின் உருவமோ தெரிந்தால் பேனல் வேலை செய்கிறது, மெயின் போர்டும் வேலை செய்கிறது, பின்னாலிருந்து வரும் வெளிச்சம் மட்டும் இல்லை என்று அர்த்தம். முழுத் திரையிலும் நகர்த்திப் பாருங்கள். ஒரு பாதியில் மட்டும் உருவம் தெரிந்தால் அது வேறு நோய். சவுண்டு வந்து, ஆன் செய்த ஓரிரு நொடிகள் திரை வெளிச்சமாகி உடனே அணைந்தால், அதுவும் பேக்லைட் கோளாறின் அடையாளம். எல்இடிகள் வரிசையாகத் தொடர்பில் இருப்பதால் ஒன்று அறுந்தாலே, அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட் அதைக் கண்டுகொண்டு மொத்த வரிசையையும் நிறுத்திவிடும்.

அறிகுறி வாரியாக என் தீர்ப்பு:

| பார்ப்பது | பெரும்பாலும் என்ன | வாங்கலாமா |
|---|---|---|
| ரிமோட் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, ஸ்பீக்கர் கரகரப்பு | சில்லறை வேலை | தாராளமாக |
| சவுண்டு உண்டு, படம் இல்லை, டார்ச்சில் உருவம் தெரிகிறது | பேக்லைட் | வாங்கலாம் |
| படத்தில் ஊதா நிறம் ஏறியிருக்கிறது | பேக்லைட் எல்இடி தேய்மானம் | வாங்கலாம், விலை குறைத்து |
| திரையில் வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் | எல்இடி மேல் ஒட்டிய லென்ஸ் கழன்றிருக்கிறது | வாங்கலாம், கூலி பேக்லைட் வேலைக்கு நிகர் |
| சிவப்பு விளக்கே எரியவில்லை | பவர் சப்ளை போர்டு | இடியில் போனதில்லை என்றால் யோசிக்கலாம் |
| சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது | பல காரணம் | மெக்கானிக் பார்த்த பிறகு |
| லோகோவிலேயே நின்றுவிடுகிறது | மென்பொருள் அல்லது மெமரி ஐசி | எனக்கு விருப்பமில்லை |
| செங்குத்துக் கோடு, பாதித் திரை | பேனல் பக்கம் | வேண்டாம் |
| விரிசல், மை கசிந்தது போன்ற கறை | பேனல் உடைந்தது | இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் |

சில வரிகளுக்கு விளக்கம் தேவை. டிவி எப்போது போனது என்று கட்டாயம் கேளுங்கள். இடி மழையில் போனதென்றால் மின்சாரம் கேபிள் வழியாகவும் எச்டிஎம்ஐ வழியாகவும் உள்ளே வந்திருக்கலாம். அப்படியானால் பவர் போர்டை மாற்றிய பிறகுதான் மெயின் போர்டும் போனது தெரியவரும். சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்து ஒருநாள் காலையில் ஆன் ஆகாத டிவிக்கு வாய்ப்பு அதிகம். பின் மூடியைக் கழற்றினால், தலை வீங்கிய கெபாசிட்டரோ கருகிய தடமோ நேராகக் கண்ணில் படும். நீங்களே கழற்றவேண்டாம். பவர் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடும்.

சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிவதற்கும் மொழி உண்டு. சோனி பிராவியா போன்ற டிவிகளில் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதை வைத்தே கோளாறு எங்கே என்று மெக்கானிக் கணிப்பார். அதை போனில் வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

கோடு விழுந்த பேனலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். “லைட்டா ஒரு கோடுதான், தட்டினா போயிடும்” என்பார்கள். உண்மையிலேயே தட்டினால் போகும். பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகளின் இணைப்பு தளர்ந்திருப்பதால்தான் தட்டினால் போகிறது. உள்ளே ஸ்பாஞ்சு வைத்து அழுத்திக் கொடுக்கும் கடைகள் உண்டு, அந்த வேலை சில வாரம் தாங்கும். முறையாகச் செய்ய, பட்டையைச் சூடாக்கி அழுத்தி ஒட்டும் பாண்டிங் மெஷின் வேண்டும். அது இருக்கும் கடைகள் குறைவு, கூலியும் கனம், பக்கத்துப் பட்டை அடுத்து தளராது என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். ஒரு கோடு இரண்டாகும், இரண்டு நான்காகும். இதைச் சின்ன ரிப்பேர் என்று சொல்லி விற்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

பேக்லைட் வேலையும் வெளியில் தெரிவதைவிட நுட்பமானது. ஸ்ட்ரிப் இருப்பது பேனலுக்குப் பின்னால், டிவியின் அடித்தட்டில். அதை அடைய, முன்னால் இருக்கும் கண்ணாடிப் பேனலை முழுசாகத் தூக்கி எடுத்து வைக்கவேண்டும். 43 இன்ச் பேனல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி; இரண்டு பேர் நான்கு மூலையையும் சமமாகப் பிடித்துத் தூக்குவார்கள். ஒரு மூலை தாழ்ந்தால் விரிசல். ஓரத்துப் பட்டை ஒன்று மடங்கினால் அங்கே நிரந்தரக் கோடு. அடியில் அடுக்கடுக்காக இருக்கும், வெளிச்சத்தைப் பரப்பும் டிஃப்யூசர் தாள்களில் தூசியோ விரல் ரேகையோ பட்டால் படத்தில் கறையாகத் தெரியும். எனவே வேலையை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். “பேனல் உடைந்தால் யார் பொறுப்பு” என்று வேலைக்கு முன்பே கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார், பதில் சொல்வார். போன ஒரு எல்இடியை மட்டும் மாற்றச் சொல்லிக் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். அதே வயதுடைய அடுத்த எல்இடி சில மாதத்தில் போகும், பேனலை மறுபடி தூக்கவேண்டிவரும். எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒரே தடவையில் மாற்றுவதே சரி. மாற்றிய பிறகு படத்தின் அமைப்பில் பேக்லைட்டை நூறிலேயே விட்டுவைக்காமல் ஐம்பது அறுபதுக்கு இறக்கிவையுங்கள். எல்இடியை அரிப்பது சூடு. வெளிச்சம் குறைந்தால் சூடும் குறையும்.

மறைந்திருக்கும் செலவுகள். முதலில் ஸ்பேர். மாடல் நம்பரைச் சொல்லி, ஸ்ட்ரிப்போ போர்டோ கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்ட பிறகே பேரம் பேசவேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. சின்ன ஊர்களில் ஆன்லைனில் வரவழைத்துக் காத்திருக்கவேண்டும். அடுத்தது ஆப். பழைய ஸ்மார்ட் டிவியில் படம் நன்றாக வந்தாலும் ஆப்கள் ஓடாமல் போகலாம். 2010, 2011ஆம் ஆண்டுகளின் சில சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. அப்படிப்பட்ட டிவிக்குத் தனியாக ஸ்டிக் வாங்கவேண்டும், அதுவே சில ஆயிரம். கடற்கரை ஊர் டிவி என்றால் உப்புக்காற்றில் போர்டு அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின் மூடிக்குள் பல்லியும் எறும்பும் குடியிருந்த தடயம் இருந்தாலும் அப்படியே.

யாருக்கு ஏற்றது. நம்பிக்கையான மெக்கானிக் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு, காத்திருக்க நேரம் உள்ளவர்களுக்கு, இரண்டாவது டிவி தேடுபவர்களுக்கு. மெக்கானிக்கையே இனிமேல்தான் தேடவேண்டும் என்றால் அடுத்த வழிகளைப் பாருங்கள்.

## வழி 2: நன்றாக ஓடும் பழைய டிவி

பேனலை எரிய எரியப் பார்த்து வாங்கலாம் என்பதே இதன் பெரிய பலம். விலை ரிப்பேர் டிவியைவிடக் கூட இருக்கும், ஆனால் ரிப்பேர் செலவையும் அலைச்சலையும் சேர்த்தால் பல நேரம் இரண்டும் ஒன்றுதான்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். சூடானால்தான் தெரியும் கோளாறுகள் உண்டு. அரை மணி நேரமாவது ஓடட்டும். யூட்யூபில் முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒற்றை நிறத் திரைகள் கிடைக்கும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வெள்ளையில் ஊதாத் திட்டும் மங்கிய மூலையும் தெரியும். கறுப்பில் வெளிச்சக் கசிவு தெரியும். பென்டிரைவும் எச்டிஎம்ஐ ஒயரும் கையோடு கொண்டுபோய் ஒவ்வொரு துளையிலும் செருகிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, விற்பவரின் கூகுள் கணக்கு அழிக்கப்பட்டு டிவி ரீசெட் ஆகிறதா என்பதையும் அங்கேயே முடித்துவிடவேண்டும். பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அது.

பேரத்துக்கு ஒரு தகவல். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் 30,000 ரூபாய் பில் போட்ட டிவிக்கு, மற்றதெல்லாம் மாறாவிட்டால், இன்றைய கணக்கில் 27,650 அளவே வரும். “நான் முப்பதாயிரத்துக்கு வாங்கினது” என்று விற்பவர் ஆரம்பித்தால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். 32 இன்ச்சும் அதற்குக் கீழும் 2019 முதலே 18 சதவீதம்தான், அங்கே இந்தப் பேச்சு எடுபடாது.

வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் விற்கும் டிவி இந்த வகையில் முதல் தரம். விற்பதற்கான காரணம் டிவிக்குள் இல்லை.

## வழி 3: கடையில் சரிசெய்து விற்கும் டிவி

சர்வீஸ் கடைகளே பழைய டிவியை வாங்கிச் சரிசெய்து விற்பதுண்டு. பேனலைத் தூக்கும் ஆபத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அதற்குத்தான் கூடுதல் விலை. ரிப்பேர் தெரியாதவர்களுக்கு முதல் வழியைவிட இது பாதுகாப்பு.

வாரண்டி மட்டும் எழுத்தில் வேண்டும். “மூணு மாசம் பார்த்துக்கலாம் சார்” என்பது போதாது. எதற்கு வாரண்டி, பேனலுக்கும் உண்டா, கூலி உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என்ன வேலை நடந்தது என்றும் கேளுங்கள். “பேக்லைட் மாத்தினேன்” என்றால் நல்லது. ஸ்மார்ட் டிவியின் மெயின் போர்டை எடுத்துவிட்டு எந்த பிராண்டுக்கும் பொதுவான யுனிவர்சல் போர்டு போட்டிருந்தால், பழைய பிராண்டின் ஸ்மார்ட் வசதி எதுவும் அதில் இருக்காது, ரிமோட்டும் வேறாகிவிடும். முகப்பில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பி விலை கொடுத்துவிடாதீர்கள். மெனுவைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும்.

## வழி 4: புது டிவி

32 இன்ச் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். அந்த அளவில் புது டிவி விலையே பத்தாயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பழசு மூவாயிரம், ரிப்பேர் இரண்டாயிரம், வண்டிக்கூலி என்று போட்டால் பாதி விலை வந்துவிடுகிறது. கையில் வாரண்டியும் இல்லை.

புதுசிலும் மறைந்த செலவு உண்டு. மலிவு பிராண்டுகளில் ஒரு வருட வாரண்டி முடிந்ததும் உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இணையத்தில் வாங்கும் முன் அந்த பிராண்டின் சர்வீஸ் எண்ணுக்கு அழைத்து, உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். மாதத் தவணையில் எடுத்தால் செயலாக்கக் கட்டணத்தையும் விலையோடு கூட்டுங்கள். ஆடித் தள்ளுபடியோ தீபாவளியோ பக்கத்தில் இருந்தால் பொறுத்திருப்பது நல்லது.

வீட்டில் ஒரே டிவி, அதை நம்பிப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றாலும் புதுசுதான்.

## ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அந்த 43 இன்ச் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். அதே அளவில் புதுசு 22,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி 5,000, வண்டிக்கூலி 500, எல்லா ஸ்ட்ரிப்பும் மாற்றக் கூலியோடு 3,500, ரிமோட் 400. மொத்தம் 9,400. ஆப் ஓடாத பழைய மாடல் என்றால் ஸ்டிக்குக்கு இன்னொரு 3,500, ஆக 12,900. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருக்கும் எல்லை, புது விலையில் பாதி. அதற்கு மேல் போனால் ரிப்பேர் டிவி வேண்டாம். இந்தக் கணக்கில் எல்லை 11,000: முதல் தொகை உள்ளே நிற்கிறது, இரண்டாவது வெளியே போய்விட்டது. ஏன் பாதி என்றால், வேலை நடக்கும்போது பேனல் உடைந்தால் போட்ட காசு முழுவதும் போகும், ஓடினாலும் புதுசு போல ஆயுள் கிடையாது. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாதி. விற்பவர் 5,000 கேட்டு, ஸ்டிக்கும் தேவைப்படுகிறது என்றால் 3,000க்கு மேல் போகாதீர்கள்.

பிளாஸ்மா என்ற பழைய வகைத் திரை கொண்ட டிவிக்கு இந்தக் கணக்கே வேண்டாம். பெரிய திரை, சொற்ப விலை என்று இன்னமும் சில விற்பனைக்கு வருகின்றன. பானாசோனிக் 2013 இறுதியோடும் சாம்சங் 2014லும் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டன, ஸ்பேருக்கு வழியில்லை. மின்சாரமும் அதிகம். 250 வாட் இழுக்கும் ஒன்றை நாளுக்கு 5 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 75 யூனிட். தமிழ்நாட்டில் கிடைக்கும் இலவச யூனிட்டில் நல்ல பங்கை டிவி ஒன்றே தின்றுவிடும். 43 இன்ச் எல்இடிக்கு 100 வாட் என்று தாராளமாக வைத்தாலும் அதே நேரத்துக்கு 30 யூனிட்தான்.

பேரம் முடிந்துவிட்டால், வண்டி ஏற்றும்போது டிவியைப் படுக்கவைக்க விடாதீர்கள். ஆட்டோவோ சின்ன யானையோ, திரையைச் செங்குத்தாக நிறுத்தி, முகத்தில் தெர்மோகோல் வைத்து, மேலே போர்வை சுற்றி, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஏற்றுவதற்கு முன் விற்பவர் வீட்டு வாசலிலேயே இன்னொரு தடவை டார்ச் அடித்துத் திரையின் நான்கு மூலையையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.